ஐக்யூ ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளின் அறிவுத்திறன், கற்றல் திறன் பரிசோதனைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. மருத்துவ உளவியலிலும் சிறப்புக் கல்வியிலும் பணிபுரிவோர் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும். எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டாது. பள்ளியில் சொன்னதால் விஸ்க் என்ற அறிவுத்திறன் டெஸ்ட் எடுத்தோம். மொத்த ஐக்யூ 103, ‘சராசரி’ என்று போட்டிருக்கிறது. உள்ளே 118, 111, 106, 82, 80 என்று ஐந்து எண்கள். “சராசரிதானே, அப்புறம் என்ன? சோம்பேறித்தனம்தான்” என்கிறார் என் கணவர். நான் எதை நம்புவது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அந்த ஐந்து எண்களை நம்புங்கள். 103ஐ இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

விஸ்க் ஐந்தாம் பதிப்பில் ஐந்து தலைப்புகளுக்குத் தனித்தனி ஸ்கோர் வரும். சொல்லறிவு, உருவங்களைப் பிரித்துச் சேர்க்கும் திறன், புதுக் கணக்கின் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்கும் திறன், வொர்க்கிங் மெமரி (சில நொடி மனதில் பிடித்துவைக்கும் நினைவு), ப்ராசஸிங் ஸ்பீடு (பார்த்ததைப் புரிந்து செய்து முடிக்கும் வேகம்). (பழைய நான்காம் பதிப்பில் எடுத்திருந்தால் நான்கு தலைப்புகள்தான் இருக்கும்.) ஒவ்வொன்றிலும் 100 என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் நடுப்புள்ளி. 90 முதல் 109 வரை சராசரி. உங்கள் மகன் சொல்லறிவில் 118. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை எடுத்தால் சுமார் 88 பேரைவிட மேலே. ப்ராசஸிங் ஸ்பீடில் 80, அதாவது நூறில் சுமார் 9 பேரைவிடத்தான் மேலே. ஒரே பிள்ளைக்குள் 38 புள்ளி இடைவெளி.

மொத்த ஐக்யூ ஏழு துணைச் சோதனைகளைக் கூட்டி வருவது. அதில் ஐந்து யோசிக்கும் திறனைப் பார்ப்பவை. நினைவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒன்றாய்ப் போட்டுக் கலக்கியதால் 103 வந்தது. ஒரு கால் வெந்நீரிலும் ஒரு கால் ஐஸ் தண்ணீரிலும் இருக்கும்போது ‘சராசரியாக வெதுவெதுப்பு’ என்று சொல்வதுபோலத்தான் இது. இந்த மாதிரி இடைவெளி வந்தால், நினைவையும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டு மற்ற ஐந்து துணைச் சோதனைகளை மட்டும் வைத்து ‘பொதுத்திறன் ஸ்கோர்’ என்று ஒன்றைப் போடலாம். உங்கள் மகனுக்கு அது 113 பக்கம் வரும். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் சைக்காலஜிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். புதிதாக டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை, இருக்கிற மதிப்பெண்களிலேயே கணக்கிட்டுத் தருவார்.

இனி உங்கள் கணவர் சொல்லும் சோம்பேறித்தனம். வொர்க்கிங் மெமரி என்பது போன வருஷம் படித்ததை ஞாபகம் வைப்பது அல்ல. ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனதில் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலை செய்வது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்த்து நாலு வார்த்தையை மனதில் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். குனிவதற்குள் இரண்டு வார்த்தை போய்விடும். மறுபடி நிமிர்ந்து, விட்ட வரியைத் தேடி, மறுபடி குனிய வேண்டும். பக்கத்துப் பையன் எட்டு முறை நிமிர்ந்தால் இவன் முப்பது முறை நிமிர்கிறான். மணி அடிக்கும்போது நோட்டில் அரைப் பக்கம்தான் இருக்கும். கூடவே டீச்சர், “புத்தகத்துல 42ஆம் பக்கம் எடு, மூணாவது கணக்கை நோட்டுல போடு, தேதி எழுத மறக்காதே, முடிச்சதும் டேபிள்ல வை” என்று ஒரே மூச்சில் சொன்னால், இவனிடம் மிஞ்சுவது 42ஆம் பக்கம் மட்டும்தான்.

வேகம் ஏன் குறைவு என்பதையும் ரிப்போர்ட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ப்ராசஸிங் ஸ்பீடுக்குக் கீழே ‘கோடிங்’, ‘சிம்பல் சர்ச்’ என்று இரண்டு துணைச் சோதனைகள் இருக்கும். அவற்றின் ஸ்கோர் 1 முதல் 19 வரை, நடுப்புள்ளி 10. கோடிங்கில் இரண்டு நிமிடம் விடாமல் பென்சிலால் குறிகள் வரைய வேண்டும். சிம்பல் சர்ச்சில் ஒரு கோடு இழுத்தால் போதும். கோடிங் 4, சிம்பல் சர்ச் 9 என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியது கையை: பென்சில் பிடி, விரல் பலம், கையெழுத்து. அதற்கு, கை விரல் வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். இரண்டுமே 6, 7 என்று இருந்தால் கை மட்டும் காரணமாக இருக்காது. எழுதி எழுதி அழித்துத் திருத்தும் பிள்ளைக்கும் இந்த ஸ்கோர் இறங்கும். சோதனையின்போது அப்படிச் செய்தானா என்று கேளுங்கள்.

நினைவும் வேகமும் சேர்ந்து குறைவது கவனக்குறைபாட்டிலும் வரும், கற்றல் குறைபாட்டிலும் வரும், தூக்கம் போதாத பிள்ளைக்கும் வரும். ஸ்கோரை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. கவனக்குறைபாடா என்று பார்க்க பெற்றோர், ஆசிரியர் இருவரும் தனித்தனியாக நிரப்பும் படிவம் வேண்டும். படிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல் எங்கே என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு. அதைப் பற்றிக் கீழே இருக்கிறது.

அதற்கு முன்னாலேயே பள்ளியில் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். கரும்பலகைப் பாடத்தை ஜெராக்ஸாகத் தரவேண்டும், அல்லது டீச்சரின் குறிப்பைப் போன்மூலம் படம் எடுத்துத் தரவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அதை அவனே ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். இருபது கணக்குக்குப் பதில் அதே கடினத்தில் பத்துக் கணக்கு. எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம், வாய்மொழித் தேர்வு முடிந்தால் அதுவும். நினைவாற்றலைக் கூட்டும் என்று விற்கும் ஆப்களில் பணத்தைப் போடாதீர்கள். அந்த விளையாட்டில் பிள்ளை தேறுவான், ஆனால் அந்தத் தேர்ச்சி பாடத்துக்குள் வருவதில்லை.

கேள்வி: மகளின் ரிப்போர்ட்டில் ‘பர்சென்டைல் 37’ என்று இருக்கிறது. 35தான் பாஸ் மார்க், மயிரிழையில் தப்பித்திருக்கிறாளா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: தப்பிக்கவும் இல்லை, தவறவும் இல்லை. பர்சென்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை மார்க் என்பது அல்ல, வரிசையில் எந்த இடம் என்பது. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரைத் திறன்வாரியாக நிறுத்தினால், 37 பேர் அவளுக்குப் பின்னால் நிற்பார்கள். ஸ்கோராகப் பார்த்தால் 95, நல்ல சராசரி. பர்சென்டைல் 50 என்றாலே சரியாக நடுவில் என்று பொருள். 25 (ஸ்கோர் 90) வரைகூடச் சராசரிதான். கவலைப்பட வேண்டிய இடம் ஒற்றை இலக்கத்தில் ஆரம்பிக்கிறது: ஸ்கோர் 80 என்றால் பர்சென்டைல் 9, 70 என்றால் 2.

இன்னொன்று. பக்கத்திலேயே ‘89 – 101’ என்பதுபோல ஒரு இடைவெளி அச்சாகியிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். நாளைக்கே மறுபடி எடுத்தால் ஸ்கோர் இந்த எல்லைக்குள் எங்கும் விழலாம் என்பதை அந்தச் சோதனையே ஒப்புக்கொள்கிறது. அக்காவுக்கு 98, தங்கைக்கு 95 என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கேள்வி: பையனுக்கு ஏழு வயதில் ‘மிசிக்’ டெஸ்டில் ஐக்யூ 106. இப்போது பத்து வயது, வேறு ஊரில் விஸ்க் எடுத்தால் 94. மூன்று வருஷத்தில் 12 புள்ளி இறங்கிவிட்டதா? எல்லாம் மொபைலால் என்று மாமியார் சொல்கிறார்.
– ஒரு தாய், ஓசூர்

பதில்: மொபைலைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் இந்த 12 புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் அளவுகோல் மாறியதுதான்.

மிசிக் என்பது அமெரிக்க விஸ்க் சோதனையின் முதல் பதிப்பை மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தது, 1969இல் வந்தது. ஆறு முதல் பதினைந்து வயதுவரைக்கானது. வாய்மொழிக்கு ஒரு ஸ்கோர், கைவேலைக்கு ஒரு ஸ்கோர், இரண்டின் சராசரி மொத்த ஐக்யூ. அரசு மருத்துவமனைகளில் இன்றும் இது நடைமுறையில் உண்டு. அன்றைய பிள்ளைகளை வைத்துப் போட்ட நடுப்புள்ளியோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் ஸ்கோர் கொஞ்சம் ஏறியே வரும். தலைமுறைக்குத் தலைமுறை இந்தச் சோதனைகளில் பிள்ளைகள் கூடுதலாக வாங்குவதை 1980களில் ஜேம்ஸ் ஃபிளின் பல நாட்டு எண்களை வைத்துக் காட்டினார். பழைய நடுப்புள்ளியில் 106, புதிய நடுப்புள்ளியில் 94 என்பது ஒரே பிள்ளைக்கு வரக்கூடியதுதான். பினே-காமத் என்ற இன்னொரு ஐக்யூ சோதனையில் வேறு கணக்கு: மனவயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குப் பதில் சொல்கிறான் என்பதை) உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். அந்த எண்ணையும் விஸ்க் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது.

இதைத் தவிர இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு சிலவற்றைப் பாருங்கள். எந்த மொழியில் கேட்டார்கள்? வீட்டில் தெலுங்கோ தமிழோ பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் சொல்லறிவு ஸ்கோர் ஆங்கிலத்தை அளக்கும், அறிவை அளக்காது. கண்ணும் காதும் பார்த்த பிறகு டெஸ்ட் எடுத்தார்களா? கண் தெளிவாய்த் தெரியாத பிள்ளைக்குக் கட்டைகளை அடுக்கும் சோதனை எப்படி வரும்? அன்றைக்குச் சளி, காய்ச்சல் இருந்ததா? காலையில் எடுத்தார்களா, பள்ளி முடிந்து களைத்து வந்த பிறகா? ‘சோதனையின்போது நடந்துகொண்ட விதம்’ என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். அது இல்லாத ரிப்போர்ட் அரைகுறை. கையெழுத்துக்குக் கீழே ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்று அடுத்த மாதமே வேறு இடத்தில் அதே சோதனையை எடுக்காதீர்கள். முக்கியமாகக் கட்டை அடுக்குவதிலும் வேகச் சோதனைகளிலும் பழக்கத்தாலேயே ஸ்கோர் ஏறும். குறைந்தது ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷ இடைவெளி விடுங்கள். யூடியூபில் கேள்விகளைப் பார்த்துப் பழக்கிவிட்டுக் கூட்டிப்போவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். உதவி தேவைப்படும் பிள்ளைக்குத் தேவையில்லை என்று ரிப்போர்ட் சொல்லிவிடும்.

நிஜமாகவே பயப்பட வேண்டிய இறக்கம் வேறு மாதிரி இருக்கும். சரளமாகப் படித்துக்கொண்டிருந்தவன் படிக்க முடியாமல் போவது, தெரிந்த கணக்கு மறந்துபோவது, நடுநடுவே சில நொடி வெறித்துப் பார்த்து நிற்பது. அப்படி ஏதாவது இருந்தால் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு உடனே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அஞ்சாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நிம்ஹான்ஸ் சோதனையில் ‘வாசிப்பு இரண்டாம் வகுப்பு நிலை’ என்று வந்திருக்கிறது. ஐக்யூ 99. டியூஷனை இரண்டு மணி நேரமாகக் கூட்டிவிட்டோம். போதுமா?
– ஒரு பெற்றோர், தஞ்சாவூர்

பதில்: டியூஷனைக் கூட்டியது பிள்ளையின் களைப்பைத்தான் கூட்டியிருக்கும். அஞ்சாம் வகுப்புப் பாடத்தையே இன்னொரு முறை சொல்லிக் கொடுப்பது டியூஷன். உங்கள் மகள் நிற்பது இரண்டாம் வகுப்பு வாசிப்பில்.

நிம்ஹான்ஸ் இன்டெக்ஸ் என்பது பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் உருவான சோதனைத் தொகுப்பு. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்று. கவனம், வாசிப்பு, எழுத்துப்பிழை, படித்துப் புரிதல், கணக்கு, பார்த்து வரைதல், நினைவு எல்லாம் அதில் வரும். அறிவுத்திறன் சராசரியாக இருந்து, வாசிப்போ எழுத்தோ கணக்கோ இரண்டு வகுப்புக்குக் குறையாமல் பின்தங்கினால் கற்றல் குறைபாடு என்று பார்ப்பது வழக்கம். உங்கள் மகளின் எண்கள் அந்த வழியில்தான் போகின்றன.

ஆனால் ‘இரண்டாம் வகுப்பு நிலை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் பாடம் தொடங்க முடியாது. அவள் செய்த பிழைகளின் பட்டியலைக் கேளுங்கள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாளா? ஒலிகளைப் பிரித்துச் சேர்க்க வரவில்லையா? சரியாகத்தான் படிக்கிறாள், ஆனால் எழுத்துக்கூட்டிக் கூட்டி மெதுவாகவா? மூன்றுக்கும் பாடம் வேறு.

தமிழிலும் படிக்கச்சொல்லிப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தும் இடங்கள் உண்டு. தமிழில் சிக்கல் வேறு உருவத்தில் வரும். ‘கொடி’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். காதில் கேட்பதோ க்+ஒ. கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றல்ல. இங்கேதான் பல பிள்ளைகள் ‘கெடி’ என்றும் ‘காடி’ என்றும் தடுமாறுவார்கள். குறில் நெடில் மாறுவது, ஒற்று விடுபட்டு ‘பட்டம்’ ‘படம்’ ஆவது, இவையும் கவனிக்க வேண்டியவை. ஆனால் ல, ள, ழ குழப்பத்தையும் ன, ண குழப்பத்தையும் மட்டும் வைத்து யாராவது டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்றால் ஏற்காதீர்கள். அந்தப் பிழை எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு.

செய்ய வேண்டியது இது. ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் (சிறப்புக் கல்வி ஆசிரியரிடம்) தனியாக அல்லது இரண்டு மூன்று பிள்ளைகளோடு, ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் நாலைந்து நாள். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பது. கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலிலோ மேசையிலோ எழுதிப் பழகுவது. வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்பது பலன் தராது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அளப்பது மட்டும். இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அவள் பார்க்காத ஒரு பத்தி, ஒரு நிமிடம். சரியாகப் படித்த வார்த்தைகளை எண்ணித் தேதி போட்டு எழுதுங்கள். வாரம் ஒரு முறை போதும். எட்டு வாரத்தில் அந்த எண் அசையவே இல்லையென்றால் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அதுவரை சமூக அறிவியலும் அறிவியலும் காதுவழியாகப் போகட்டும். பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். ஐக்யூ 99 உள்ள பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்பு அறிவியல் தாராளமாகப் புரியும். வாசிப்பு வரும்வரை அறிவியலையும் நிறுத்தி வைத்தால் இரண்டிலும் பின்தங்குவாள்.

கேள்வி: தனியார் சைக்காலஜிஸ்ட் தந்த ரிப்போர்ட்டை வைத்துப் பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் கேட்கலாமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: பள்ளிக்குள் நடக்கும் தேர்வுக்கு உதவும். பொதுத்தேர்வுக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் அல்லது மனநல மருத்துவர், உளவியலாளர் அடங்கிய குழுவிடம் காட்ட வேண்டும். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையின்படி சான்றிதழ் எட்டு வயது முதல்தான் என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றும் இருந்தது. முதலில் ஐக்யூ பார்த்து, 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை என்பது அதில் இருந்த வரிசை. 2024 மார்ச்சில் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. அதனால் காசு கொடுத்துச் சோதனை எடுக்கும் முன்பே, எந்தச் சோதனையை ஏற்பார்கள் என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். சிபிஎஸ்இயில் மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள். பலரும் பத்தாம் வகுப்பு அரையாண்டு மார்க்கைப் பார்த்த பிறகுதான் ஓடுகிறார்கள், அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். சொல்வதை எழுதுபவரை வாங்கினால் மட்டும் போதாது. நிறுத்தி நிறுத்தி, நிறுத்தற்குறியோடு சொல்லிப் பழக வேண்டும். பழகாமல் போன பிள்ளை, கையில் எழுதியதைவிடக் குறைவாக வாங்கி வருவதும் நடக்கிறது.

கேள்வி: யுகேஜி படிக்கும் ஐந்தரை வயதுப் பையன் b, d மாற்றி எழுதுகிறான். டிஸ்லெக்சியா டெஸ்ட் எடுக்கச் சொல்கிறது பள்ளி.
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: இந்த வயதில் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிப் போடுவது சகஜம், ஏழு வயதுவரைகூட இருக்கும். கற்றல் குறைபாடு என்று இப்போதே பெயர் வைக்க முடியாது. காது பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பேச்சு தாமதமாக வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கும் படிப்பதில் சிரமம் இருந்ததா என்று குறித்து வையுங்கள். ‘பட்டம்’ என்றால் முதல் சத்தம் என்ன, ‘பால்’ என்பதற்கு எதுகையாய் ஒரு சொல் சொல் என்று விளையாடிப் பாருங்கள். இந்தச் சத்த விளையாட்டு கொஞ்சமும் பிடிபடவில்லை என்றால் அதுதான் எழுத்து திரும்புவதைவிடக் கவனிக்க வேண்டியது.

கேள்வி: ரிப்போர்ட்டில் இருப்பதைப் பிள்ளையிடம் சொல்லலாமா?
– ஒரு தாய், புதுச்சேரி

பதில்: சொல்லுங்கள். ஆனால் எண்ணைச் சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரம் யாரோ ஒருவர் கேள்வி கேட்டது அவனுக்குத் தெரியும். நீங்கள் வாய் திறக்காவிட்டால், ‘நான் மக்கு’ என்று அவனே ஒரு முடிவு எழுதிக்கொள்வான். “கதை கேட்டுப் புரிஞ்சுக்கிறதும் காரணம் கண்டுபிடிக்கிறதும் உனக்கு நல்லா வருது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறது மத்தவங்களைவிட உனக்குக் கஷ்டமா இருக்கு, அதனாலதான் அவ்வளவு களைச்சுப் போறே. அதுக்கு வேற மாதிரி சொல்லித்தர்ற டீச்சர் ஒருத்தர் இருக்காங்க.” இந்த அளவு போதும். உறவினர் வீட்டுக் கூடத்தில் ரிப்போர்ட்டை எடுத்து யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். பள்ளிக்குக் கொடுக்கும்போது முழு ரிப்போர்ட்டையும் கொடுக்க வேண்டியதில்லை. என்னென்ன உதவி தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி சைக்காலஜிஸ்டிடம் கேட்டால் தருவார். மூல ரிப்போர்ட்டைப் பதினெட்டு வயதுவரை பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை சோதிப்பவர் முதலில் கேட்பது பழைய ரிப்போர்ட்டைத்தான்.